தர்மாஸ்பத்திரிக்கு ஒரு ரிவ்யூ: பதினாலு மாத்திரையும் ஒரு மஞ்சப்பையும்

எல்லாரும் பிரியாணிக் கடைக்கும் இயர்பட்ஸுக்கும் ரிவ்யூ போடுறீங்க, நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போடுறேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு இல்ல. ஊர்ல இருக்கிற துணை சுகாதார நிலையத்துல ஆரம்பிச்சு பி.எச்.சி.ங்கற ஆரம்ப சுகாதார நிலையம், ஜி.எச்.ங்கற தாலுகா ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ்னு கீழருந்து மேல வரைக்கும் மொத்த லைனுக்கும். ஒன்றரை வருஷமா அப்பாவைக் கூட்டிக்கிட்டு இந்த நாலு வாசல்லயும் ஏறி எறங்குனதுக்கு எனக்கு ஒரு அரை டிகிரியே குடுக்கலாம். ஊர்ப் பேரு, ஆஸ்பத்திரிப் பேரு எதுவும் சொல்லப் போறதில்ல, நல்லது பண்ணவங்களும் அதே பில்டிங்லதான் இருக்காங்க, மாசாமாசம் நான் திரும்ப அங்கதான் போய் நிக்கணும். தெக்கத்தி மாவட்டம், கரிசக் காடு, அவ்வளவு போதும்.

மொதல்ல அந்த ராத்திரி. மணி பத்தே முக்கால் இருக்கும், அப்பா சாப்டுட்டு திண்ணைல உக்காந்திருந்தவரு நெஞ்சைத் தடவிக்கிட்டே "கேஸுதாம்ல, ஒரு சோடா வாங்கிட்டு வா"ன்னாரு. சோடா வாங்கிட்டு வந்து பாத்தா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, ஃபேன் ஓடுது, மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. அம்மாதான் "இது கேஸு இல்ல, வண்டிய எடு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சாங்க. பைக்ல நான் ஓட்ட, அப்பா நடுவுல, பின்னாடி சித்தப்பா மகன் புடிச்சுக்க, மூணு கிலோமீட்டர்ல இருக்கிற பி.எச்.சி.க்குப் போனோம். பூட்டித்தான் இருக்கும், அங்க நின்னு 108க்கு போன் பண்ணலாம்னு நெனச்சுத்தான் போனேன், பொய் சொல்லல.

லைட் எரிஞ்சுது. டாக்டர் இல்ல, ஆனா ஸ்டாஃப் நர்ஸ் இருந்தாங்க. எங்க பி.எச்.சி. 24 மணி நேரமும் ஓடுறது, மூணு நர்ஸ் ஷிப்ட் மாத்தி மாத்தி, முக்கியமா பிரசவத்துக்காகப் போட்டது. அந்த சிஸ்டர் அப்பாவை ஒரு தடவை பாத்தாங்க, "எப்ப இருந்து வலிக்கு"ன்னு கேட்டாங்க, அடுத்த நிமிசம் படுக்கப் போட்டு ஈசிஜி வயரை மாட்டிட்டாங்க. பேப்பர் வந்ததும் போன்ல ஒரு படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி பேசினாங்க, பேசிக்கிட்டே ஒரு கையால அலமாரியைத் திறந்தாங்க. அதுக்கப்புறம் உள்ளங்கைல மாத்திரைய எண்ணினாங்க பாருங்க, அது என் கண்ணுலயே நிக்குது. ரெண்டு, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு. மொத்தம் பதினாலு. மொத ரெண்டை மட்டும் "மெல்லுங்க அய்யா, முழுங்காதீங்க, மெல்லுங்க"ன்னாங்க. அப்பா கசக்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சாரு, அந்த நேரத்துலயும்.

அந்தப் பதினாலு மாத்திரை என்னன்னு அப்புறமாத்தான் படிச்சேன். ரெண்டு ஆஸ்பிரின், நாலு க்ளோபிடோக்ரல், எட்டு அட்டோர்வாஸ்டாட்டின்னு கொழுப்புக்கான மாத்திரை. 2023 ஜூன்ல 'இதயம் காப்போம்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல பி.எச்.சி.லயும் துணை சுகாதார நிலையத்துலயும் இந்த செட்டை ரெடியா வெச்சிருக்கணும், நெஞ்சு வலின்னு வந்தா பெரிய ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே குடுத்துடணும், ரத்தம் மேல மேல கட்டியாகாம இருக்கறதுக்கு. பேப்பர்ல இந்த மாதிரி திட்டம் பேரெல்லாம் வரும்போது நானும் கட்சிக்காரன் போட்டோவைத்தான் பாத்துட்டு பக்கத்தைத் திருப்புற ஆளு. அன்னிக்கு ராத்திரி அந்தத் திட்டம் ஒரு நர்ஸோட உள்ளங்கைல இருந்துச்சு. இந்த எடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, பேரம் கிடையாது.

108 வந்து சேர இருபது நிமிசம் ஆச்சு. அதுல டிரைவரை பைலட்டுன்னு கூப்புடுறாங்க, கூட முதலுதவி பாக்கற ஒரு இ.எம்.டி. இருப்பாரு. நான் நேரா மெடிக்கல் காலேஜ் பெரியாஸ்பத்திரிக்கே போயிடுவோம்னு கெஞ்சுறேன், அந்தத் தம்பி ரொம்ப நிதானமா "அண்ணே, அது 64 கிலோமீட்டர், ஜி.எச். 28. கட்டியக் கரைக்கிற ஊசி ஜி.எச்.லயே இருக்கு, அத மொதல்ல போட்டுட்டாப் போதும், அப்புறம் அங்க போகலாம், இப்ப நிமிசக் கணக்கு"ன்னாரு. போற வழிலயே ஜி.எச்.க்கு போன் அடிச்சு சொல்லிட்டாரு. போய் எறங்குனப்ப வாசல்லயே ஸ்ட்ரெச்சர் நின்னுச்சு, எமர்ஜென்சில தரைல செவப்பு, மஞ்ச, பச்சைன்னு கோடு போட்டு பிரிச்சிருக்காங்க, எங்களைக் கேள்வி கேக்காம செவப்புக்குள்ள தள்ளிட்டாங்க. கையெழுத்து வாங்கினாங்க, ஊசி ஏறுச்சு. விடியக்காலம் நாலு மணிக்கு அப்பா கண்ண முழிச்சு "சோடா எங்கல"ன்னு கேட்டாரு.

இது வரைக்கும் கேட்டா சூப்பர்ல? இனிமேதான் ரிவ்யூவே.

மறுநாள் மத்தியானம் இன்னொரு 108 வண்டில மெடிக்கல் காலேஜுக்கு மாத்தினாங்க, ஆஞ்சியோ பண்ணணும்னு, அதாவது நெஞ்சு ரத்தக் கொழாய்ல எங்க அடைப்புன்னு பாக்கறது. அங்க போனதும் மறுபடி மொதல்ல இருந்து. புது சீட்டு, புது நம்பர், புது ஈசிஜி. டாக்டரம்மா ஒருத்தங்க, பாவம் தூக்கமே இல்லாத மூஞ்சி, "மொத ஈசிஜி எங்க"ன்னு கேக்குறாங்க. அது ஜி.எச். கேஸ் ஷீட்லயே தங்கிடுச்சு. "லோடிங் டோஸ் எத்தன மணிக்குக் குடுத்தாங்க"ன்னு கேக்குறாங்க, அந்தப் பதினாலு மாத்திரையத்தான். ரெஃபரல் சீட்டுல குடுத்தாச்சுன்னு மட்டும் இருக்கு, மணி இல்ல. ஊசி போட்ட நேரம் எழுதியிருக்கு, ஆனா அது 1ஆ 7ஆன்னு தெரியாத கையெழுத்து. கடைசில என்ன ஆச்சுன்னா, பி.எச்.சி. சிஸ்டர் டாக்டருக்கு அனுப்புன அந்த போட்டோவை நான் ஒரு பயத்துல எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி வெச்சிருந்தேன், அத எடுத்து காமிச்சேன், அதுல நேரம் 11.04னு தெரியுது, டாக்டரம்மா அதைப் பெருசு பண்ணிப் பாத்து தலையாட்டுனாங்க. மூணு ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருந்த ஒரே வயர் என்னோட ஸ்கிரீன் உடைஞ்ச ரெட்மி போனு.

ஏன் இப்படின்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. எல்லாமே கவர்மெண்ட், எல்லாத்துக்கும் ஒரே மந்திரி, அப்புறம் ஏன் ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குப் போகல. ரிட்டயர் ஆன ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் எங்க தெருவுல இருக்காரு, அவருதான் டீக்கடைல வெச்சு பாடம் எடுத்தாரு. "தம்பி, நீ நெனைக்கிற மாதிரி இது ஒரு வீடு இல்ல, ஒரே காம்பவுண்டுக்குள்ள மூணு வீடு"ன்னாரு. பி.எச்.சி.யும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை, டி.பி.எச்.னு சொல்றது. தாலுகா ஜி.எச்., மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி எல்லாம் டி.எம்.எஸ்., அதாவது மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள், மாவட்டத்துல அதுக்கு ஜே.டி.ன்னு ஒரு இணை இயக்குநர். மெடிக்கல் காலேஜும் அதோட ஆஸ்பத்திரியும் டி.எம்.இ., மருத்துவக் கல்வி, அங்க டீன்தான் ராஜா. மூணுக்கும் மூணு இயக்குநர், மூணு பட்ஜெட், மூணு டிரான்ஸ்ஃபர் லிஸ்ட். இதுல டவுனுக்குள்ள இருக்கிற நகர்ப்புற பி.எச்.சி.ன்னா நகராட்சியும் மாநகராட்சியும் வேற வந்து சேரும். ஒரு மருமகளுக்கு மூணு மாமியார் இருந்தா எப்படி இருக்கும், அந்த மருமகதான் நோயாளி.

இன்னொரு வேடிக்கையும் சொன்னாரு. கோவில்பட்டி, பொள்ளாச்சி, கும்பகோணம், உசிலம்பட்டி, இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாம் 'மாவட்ட தலைமை மருத்துவமனை'ன்னு போர்டு இருக்கும், ஆனா கலெக்டர் ஆபீஸ் அங்க இருக்காது, கவனிச்சிருக்கீங்களா? தூத்துக்குடி, கோயம்புத்தூர், தஞ்சாவூர், மதுரைல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் மெடிக்கல் காலேஜ் கைல, அது டி.எம்.இ. சொத்து. அதனால டி.எம்.எஸ். தன்னோட தலைமை ஆஸ்பத்திரியை பக்கத்து ஊருக்குக் கொண்டு போயிடுச்சு. 2022 ஜனவரில ஒரே நாள்ல 11 புது கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் தொறந்தாங்க, மொத்தம் 36 ஆச்சு. அப்பவும் இதே கதைதான், நேத்து வரைக்கும் ஜே.டி. கீழ இருந்த பில்டிங் இன்னைக்கு டீன் கீழ. போர்டு மாறும், வராண்டாவுல படுத்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்.

அதுக்காக மூணா பிரிச்சதே தப்புன்னு சொல்ல வரல, அதையும் சொல்லிடுறேன். நோய் வந்தப்புறம் பாக்கற டாக்டர் வேற, நோய் வராம ஊரைப் பாக்கற ஆபீசர் வேறன்னு தனியா ஒரு துறைய இத்தன வருஷமா விடாம வெச்சிருக்கிறது நம்மூர்லதான். 1939லயே மதராஸ் பொது சுகாதாரச் சட்டம்னு போட்டிருக்காங்க, தண்ணித் தொட்டில குளோரின் போடுறது, காய்ச்சல் கணக்கு எடுக்கிறது, சந்தை திருவிழாவுல கக்கூஸ் பாக்கறது வரைக்கும் இன்னைக்கும் அந்தச் சட்டத்துலதான் ஓடுது. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் பெரிய கொள்ளை நோய் எதுவும் கெளம்பாம பாத்துக்கிட்டதும் இந்த ஆளுங்கதான். மூணும் ஒண்ணா இருந்திருந்தா எல்லாப் பணமும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருக்கும், கொசு மருந்து அடிக்கிறவருக்கு சம்பளம் கடைசிலதான் வந்திருக்கும். எங்க தெரு இன்ஸ்பெக்டர் இதைச் சொல்லும்போது டீ கிளாஸை டேபிள்ல டொக்குன்னு வெச்சாரு, அவரு 31 வருஷம் குளோரின் பவுடரோட வாழ்ந்த மனுசன், அவருக்கு அந்தக் கோவம் இருக்கும்ல.

சரி, ஆஞ்சியோவுக்கு வாரேன். ஒரு அடைப்பு, ஒரு ஸ்டென்ட், கொழாய் திரும்ப மூடிக்காம உள்ள வைக்கிற சின்ன கம்பி வலை. காப்பீட்டுத் திட்டத்துல பண்ணினாங்க. கலைஞர் காப்பீடுன்னு 2009ல வந்து, 2012ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடா மாறி, 2018ல சென்ட்ரல் திட்டத்தோட சேந்து, இப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியே இலவசம்தான, அதுக்கு எதுக்கு காப்பீட்டு கார்டுன்னு நானும் கேட்டேன். கவுண்டர்ல இருந்த தம்பி சொன்னாரு, இங்க பண்ணினாலும் அந்தத் தொகை ஆஸ்பத்திரி கணக்குக்கு வரும், ஸ்டென்ட் மாதிரி சாமான் வாங்கறது அதுலதான்னு. அப்ப கார்டு கொண்டு போற நோயாளி ஆஸ்பத்திரிக்கே வருமானம். இது எத்தன பேருக்குத் தெரியும்?

எங்க கார்டுல அப்பா இனிஷியல் தப்பு. ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. அதுக்காக நான் ஊருக்கு வந்து, வி.ஏ.ஓ.வப் பாத்து, ஈ-சேவைல வருமானச் சான்று போட்டு, கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு கவுண்டர்ல நின்னு, ஒன்றரை நாள். அதுவரைக்கும் அப்பா மானிட்டர் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு படுத்திருந்தாரு. உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லாதப்பவே போய் அந்தக் கார்டை சரி பண்ணி வெச்சிருங்க, ஒரு லீவு நாள் போதும். நான் பண்ணல, அதான் சொல்றேன்.

வார்டு பத்தி. டாக்டர்கள், நர்ஸ்கள் பத்தி ஒரு கொறையும் இல்ல, ஒரு நர்ஸுக்கு எத்தன பெட்டுன்னு எண்ணிப் பாத்தா கொறை சொல்ற வாயே வராது. பாத்ரூம் பத்தி ஒரு வரிதான், செருப்பு இல்லாமப் போகாதீங்க. கட்டிலுக்குக் கீழ அட்டெண்டர் படுக்க பாய் வெளிய 150 ரூபாய். வீல்சேர் தள்றவருக்கு "டீ காசு" ஒரு தடவைக்கு நூறு, லிஃப்ட்டுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு, யாரும் மெரட்டல, ஆனா குடுக்காதவங்க வீல்சேருக்கு காத்து எறங்கிடும். இது எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், சொல்லி என்ன ஆகப் போகுது. மொத்தமா அந்த ஆறு நாள்ல எங்களுக்கு ஆனது 3,860 ரூபாய், எழுதி வெச்சிருக்கேன். இட்லி, டீ, பஸ், பாய், ஜெராக்ஸ், சான்றிதழ், அந்த நூறு நூறு. ஆஸ்பத்திரி பில்னு ஒரு ரூபா கூட இல்ல. அதே மாசம் எங்க மாமாவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஒரு ஸ்டென்ட், ரெண்டே கால் லட்சம், ஏ.சி. ரூமு, சூப்பு குடுத்தாங்களாம். அத்தை இன்னும் அந்த சூப்பைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் மாத்திரைக் கதை ஆரம்பம். இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா ராத்திரி எமர்ஜென்சிய விட இந்த மாசாந்திர விஷயந்தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வாழ்க்கை.

அப்பாவுக்கு ஏற்கெனவே சுகரும் பிரஷரும் உண்டு. அதுக்கான மாத்திரை 2021ல இருந்து வீட்டுக்கே வருது, மக்களைத் தேடி மருத்துவம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆகஸ்ட் 5ந் தேதி ஆரம்பிச்சது, கொஞ்ச மாசத்துல எங்க ஊருக்கும் வந்துருச்சு. மகளிர் சுய உதவிக் குழுல இருந்த ஒரு அக்காவையே எடுத்து ட்ரெயினிங் குடுத்து அனுப்பினாங்க, எங்க தெரு ஆளு, அப்பாவை "மாமா"ன்னுதான் கூப்புடும். பிரஷர் மெஷின், சுகர் மெஷின், ஒரு பை நெறைய மாத்திரை, செல்போன்ல என்ட்ரி. "மாமா, நேத்து கருப்பட்டி மிட்டாய் தின்னீங்களா"ன்னு ரீடிங்கைப் பாத்தே கேட்டுரும். டாக்டர் சொன்னா கேக்காத மனுசன் இதுகிட்ட பயப்படுவாரு, ஏன்னா அது அம்மாகிட்ட போட்டுக் குடுத்துரும். இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கெடச்சுது 2024ல, அது கெடைக்கட்டும், எங்களுக்கு அந்தக் கருப்பட்டி கேள்வி போதும்.

ஆனா ஸ்டென்ட் வெச்சப்புறம் சேந்த புது மாத்திரை இருக்குல்ல, அதுல முக்கியமானது க்ளோபிடோக்ரல், ஒரு நாள் கூட விடக் கூடாதுன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கு மூணு தடவ சொன்னாங்க. முப்பது நாளைக்குத்தான் குடுத்தாங்க. தீர்றதுக்கு நாலு நாள் முன்னாடி எங்க பி.எச்.சி.க்குப் போனேன். ஃபார்மசி அண்ணன் நோட்டைப் பாத்துட்டு "இது எங்க மாசாந்திர லிஸ்ட்ல இல்ல தம்பி, எழுதிக் குடுத்த எடத்துலயே வாங்கிக்கங்க"ன்னாரு. எழுதிக் குடுத்த எடம்னா 64 கிலோமீட்டர். "அண்ணே, அன்னிக்கு ராத்திரி இதே பில்டிங்ல, இதே மாத்திரைய நாலு எண்ணிக் குடுத்தாங்களே"ன்னேன். "அது எமர்ஜென்சி ஸ்டாக், அந்தப் பெட்டியில இருந்து எடுத்தா நாளைக்கு ஒருத்தன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வருவான், அவனுக்கு எங்க போவேன்"னாரு. அவரு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, அதுதான் கொடுமை. பத்தடி தள்ளி அலமாரில அந்த மாத்திரை இருக்கு, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்பாவுக்கு அட்டாக் வந்தா அது கெடைக்கும், வராம இருக்கறதுக்குக் கெடைக்காது.

காலைல 5.10 பஸ்ல ஏறி, ஏழரை மணிக்கு ஓ.பி. சீட்டு லைன்ல நின்னு, டாக்டரைப் பாத்து, ஃபார்மசி லைன்ல நின்னு, முப்பது மாத்திரை வாங்கிட்டு வீடு வர சாயங்காலம் மூணு. ஒரு நாள் கூலி போச்சு. மெடிக்கல் ஷாப்ல வாங்கிக்கலாமேன்னு சொல்வீங்க, நானும் ரெண்டு மாசம் அப்படித்தான் வாங்கினேன். ஆனா அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சனை, "கவர்மெண்ட்ல குடுக்கறத ஏன் காசுக்கு வாங்குத"ன்னு ஒரே சண்டை.

ஒரு நாள் மெடிக்கல் ஆபீசர் அம்மாவையே நேரா பாத்துக் கேட்டேன். சின்ன வயசு, பொறுமையாக் கேட்டாங்க, எங்க பி.எச்.சி. ஏரியால ஸ்டென்ட் வெச்சவங்க எத்தன பேருன்னு நர்ஸம்மாவ வெச்சு கணக்கெடுக்கச் சொன்னாங்க, பதினோரு பேரு இருந்தோம். அந்தக் கணக்கைக் காட்டி இண்டெண்ட் போட்டு, அதாவது மருந்து வேணும்னு மேல எழுதிக் கேட்டு, வாங்கித் தரப் பாக்கறேன்னாங்க. இங்கதான் இந்த மருந்துக் கார்ப்பரேஷன் விஷயம் வருது. 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டி.என்.எம்.எஸ்.சி.ன்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி அங்கங்க வாங்குனத மாத்தி மொத்த மாநிலத்துக்கும் ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக், அதுல உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்துன்னு வரவு வெச்சிருப்பாங்க, எடுக்க எடுக்கக் கழியும். வர்ற சரக்குல சாம்பிள் எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு, லேபுக்கு அனுப்பி, பாஸ் ஆனாத்தான் வெளிய விடுவாங்க. கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பாத்துத்தான் அவங்க ஊர்ல ஆரம்பிச்சாங்க. "கவர்மெண்ட் மாத்திரை சாக்பீஸ்"னு சொல்றவங்களுக்கு இது என் பதில். அப்பா சுகர் ரெண்டரை வருஷமா கட்டுக்குள்ள இருந்தது இந்தச் சாக்பீஸாலதான்.

அதுலயும் ஒரு சிக்கல் உண்டு, இது கம்ப்ளைண்ட்டா எடுத்துக்காதீங்க, கவனமா இருக்கத்தான் சொல்றேன். டெண்டர் மாறினா கம்பெனி மாறும், கம்பெனி மாறினா மாத்திரை கலரு, சைஸு, அட்டை எல்லாம் மாறும். எங்க அப்பா மாதிரி ஆளுங்க பேரைப் படிச்சா முழுங்குறாங்க? "வெள்ளை சின்னது ராத்திரி, ரோஸ் பெருசு காலைல". ஒரு மாசம் பிரஷர் மாத்திரை கலர் மாறி வந்துச்சு, இவரு அதைப் புது மாத்திரைன்னு நெனச்சு, பழசும் புதுசும் சேத்துப் போட்டு, குளிக்கப் போன எடத்துல தலை சுத்தி தொட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் அம்மா ஒரு வழி பண்ணாங்க. ஸ்கெட்ச் பென்னை எடுத்து ஒவ்வொரு அட்டைக்கும் பின்னாடி காலை மாத்திரைக்கு சூரியன், ராத்திரிக்கு நெலா, நெஞ்சு மாத்திரைக்கு ஒரு வேல். வேல் போட்டது அம்மாவோட சொந்த ஐடியா. இப்ப அந்த அக்கா எங்க தெருவுல எல்லா வீட்லயும் சூரியனும் நெலாவும் போட்டுக் குடுக்குது, வேல் மட்டும் எங்க வீட்டுக்குத்தான்.

என் தங்கச்சி பிரசவமும் இதே பி.எச்.சி.லதான், அதையும் ரெண்டு வரி சொல்லிடுறேன். மாசமானதும் நர்ஸம்மா வந்து பிக்மி நம்பர் போட்டாங்க, கர்ப்பிணிகளைப் பதிவு பண்ற நம்பர், அந்த நம்பர் இல்லாம கொழந்தைக்கு பர்த் சர்ட்டிபிகேட்டே வாங்க முடியாது, அதனால ஒருத்தரும் லிஸ்ட்ல இருந்து நழுவ முடியாது. முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கிற 18,000 ரூபாய் மகப்பேறு உதவில பாதி தவணை லேட்டாத்தான் வந்துச்சு, கொழந்தை தவழ ஆரம்பிச்சப்ப ஒண்ணு. ஆனா பாருங்க, ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு ஊருக்குள்ள இருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் ஒரே நம்பர் கூடவே போகுது, எந்த ஆஸ்பத்திரில அடிச்சாலும் அவ கதை வருது. அப்பா நெஞ்சுக்கு மட்டும் அது ஏன் முடியலைங்கறதுதான் என் கேள்வி. முடியாத காரியம் இல்ல, ஏற்கெனவே பண்ணிக் காட்டியிருக்காங்க.

இப்போதைக்கு எங்களுக்கு அந்த நம்பரோட வேலையச் செய்யறது ஒரு மஞ்சப்பை. தங்கச்சி கல்யாணத்துல தாம்பூலத்துக்குக் குடுத்து மிஞ்சினது. அதுக்குள்ள ஈசிஜி எல்லாம் தேதி வாரியா, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் மூணு, ஆஞ்சியோ சிடி, காப்பீட்டு கார்டு, நோட்டு. ஈசிஜி பேப்பர் நாளாக நாளாக வெளுத்துப் போயிடும், அதனால ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். எந்த ஆஸ்பத்திரி போனாலும் ஒரிஜினலைக் கேட்டா ஜெராக்ஸை நீட்டுவேன், முறைப்பாங்க, பரவாயில்ல. மாத்திரை, ஊசி எது போட்டாலும் மணிய எழுதித் தாங்க சிஸ்டர்னு கேப்பேன், அதுக்கும் முறைப்பாங்க.

மார்க்கு கேட்டீங்கன்னா, பி.எச்.சி. ராத்திரிக்கு அஞ்சு, பகல்ல மாசாந்திர மாத்திரைக்கு ரெண்டரை. ஜி.எச். எமர்ஜென்சிக்கு நாலரை. மெடிக்கல் காலேஜ் டாக்டருங்களுக்கு அஞ்சு, பாத்ரூமுக்கு ஒண்ணு, வீல்சேருக்கு நான் மார்க்கு போடல. வீட்டுக்கு வர்ற அந்த அக்காவுக்கு அஞ்சுக்கு ஆறு. ஒரு வாசல்ல இருந்து அடுத்த வாசலுக்குப் போற அந்த வழி இருக்கே, அதுக்கு ஒண்ணரை, அதுவும் 108 இருக்கிறதால.

அந்த மெடிக்கல் ஆபீசர் அம்மா போட்ட இண்டெண்ட் என்ன ஆச்சுன்னா, வந்துச்சு. ரெண்டு மாசம் பதினோரு பேருக்கும் எங்க பி.எச்.சி.லயே க்ளோபிடோக்ரல் கெடச்சுது, அப்பா நடந்தே போய் வாங்கிட்டு வந்தாரு, வழில எல்லார்கிட்டயும் நின்னு அந்தப் பதினாலு மாத்திரை கதையச் சொல்லிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். மூணாவது மாசம் அந்த அம்மாவுக்கு மேல்படிப்பு சீட் கெடச்சு போயிட்டாங்க. புதுசா வந்தவரு நல்லவருதான், அவருக்கு அந்தப் பதினோரு பேர் லிஸ்ட் எங்க இருக்குன்னு தெரியல, நர்ஸம்மா தேடிக்கிட்டிருக்காங்க. அட்டைல இன்னும் வேல் போட்டது மூணு மாத்திரைதான் இருக்கு. நாளைக்கு 5.10 பஸ்ஸு, பைய எடுத்து வெச்சிட்டேன்.